பதினேழு வருடம் நின்ற எஸ்டி: அறிகுறி பார்த்துப் பழுது நீக்குவது

சோழவந்தானில் எங்கள் பெரியப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. விடியும் முன்பே வெற்றிலைக் கட்டுகளை எஸ்டி (Yezdi) மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் கட்டிக்கொண்டு மேலக்கால் வழியாக மதுரைக்குக் கிளம்பிவிடுவார். 2006-இல் அவருக்குக் கண் மங்கியது. அன்றைக்குத் தொழுவத்து ஓரம் சாத்திய வண்டியை 2023-இல்தான் நான் வெளியே எடுத்தேன். சீட்டுக்கு அடியில் எலிக்கூடு, சைலன்சரில் குளவிக்கூடு, டேங்கைத் தட்டினால் உள்ளே துரு கலகலவென்று உருளும் சத்தம். அந்த வண்டியை ஓட வைத்த பிறகு, தெரிந்தவர்கள் வீட்டில் நின்றுபோன ஜாவா, எஸ்டி என்று இன்னும் சிலவற்றைப் பார்த்துவிட்டேன்.

அதில் நான் தெரிந்துகொண்டது, ஓடித் தேய்ந்த வண்டிக்கும் நின்று கெட்ட வண்டிக்கும் வைத்தியம் வேறு என்பதுதான். ஓடித் தேய்ந்த வண்டியில் உலோகம் தேய்ந்திருக்கும். நின்று கெட்ட வண்டியில் உலோகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டது ரப்பர், காய்ந்த பெட்ரோல், துரு, பாயிண்டில் (பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) படிந்த படலம், ஓட்டைகளை அடைத்த பூச்சி ஆகியவைதான். இது தெரியாமல் முதல் நாளே பிஸ்டன், கார்ப்பரேட்டர், காயில் (பொறிக்கு மின்னழுத்தம் கூட்டும் சுருள்) என்று புதுசாக வாங்கிப் போட்டால் காசும் போகும், கோளாறும் அப்படியே இருக்கும். இந்த வண்டிகளைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. அங்கே செய்த பாகங்கள் இன்று கடையில் கிடைக்கும் பல பாகங்களைவிடத் தரமானவை. கழற்றியது எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

நான் எழுதுவது 250 சிசி ஜாவா, எஸ்டியை வைத்து. ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100, டிவிஎஸ் 50 என்று பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் எந்த டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கும் பெரும்பாலும் இதே வரிசை பொருந்தும்.

கிக்கரைத் தொடும் முன்

வண்டியை வெளியே தள்ளி வந்ததும் எல்லோருக்கும் கால் துறுதுறுக்கும். மதுரை சிம்மக்கல் பக்கம் பட்டறை வைத்திருந்த வயதான மெக்கானிக் ஒருவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, அத மிதிச்சுப்புடாதீங்க" என்பது. "நான் மிதிக்கலண்ணே, மச்சான்தான் ரெண்டு தடவ மிதிச்சுட்டாப்ல" என்றேன். அவர் பதில் பேசவில்லை. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியபோது புரிந்தது. போரில் (சிலிண்டரின் உட்சுவர்) படிந்திருந்த துருவை ரிங்கு (பிஸ்டனைச் சுற்றிய வளையம்) இழுத்துக்கொண்டு போய் நீளமாக ஒரு கோடு கிழித்திருந்தது. மிதிக்காமல் இருந்திருந்தால் ரீ-போர் (போரைக் கடைந்து பெரிதாக்குவது) இல்லாமலே அந்த இஞ்சின் தப்பியிருக்கும்.

ஆகவே முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். அந்த ஓட்டை வழியாக 2டி ஆயிலும் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) டீசலும் பாதிக்குப் பாதி கலந்து 50 மில்லி ஊற்றி, துணியால் மூடி, ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் டாப் கியரைப் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். காலில் தெரியாத இறுக்கம் கையில் தெரியும்.

கிக்கர் இறங்கவே இல்லை

கிக்கர் இறங்கவில்லை என்றாலே இஞ்சின் ஜாம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இந்த வண்டியில் கிக்கரும் கியர் லிவரும் ஒரே கம்பி. அதை உள்ளே அழுத்தித் திருப்பினால் கிக்கர், விட்டால் கியர். அந்தத் தண்டே துருவில் இறுகிப்போவது உண்டு. நியூட்ரலில் பின் சக்கரம் தாராளமாகச் சுற்றி, டாப் கியர் போட்டதும் அசையாமல் நின்றால் இஞ்சின்தான் இறுகியிருக்கிறது. டாப் கியரிலும் சக்கரம் சுற்றி, பிளக் ஓட்டைக்குள் விட்ட பிளாஸ்டிக் ஸ்ட்ரா மேலும் கீழும் போனால் இஞ்சின் நன்றாக இருக்கிறது, தண்டைப் பார்க்க வேண்டும். ஈர்க்குச்சியை விடாதீர்கள், உள்ளே முறிந்துபோகும்.

நின்ற இஞ்சின் இறுகுவதற்குக் காரணம் அநேகமாக எக்ஸாஸ்ட் வாய்தான். ஜாவா, எஸ்டியில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். பிஸ்டன் கீழே இறங்கி அந்த வாய் திறந்த நிலையில் வண்டி நின்றுவிட்டால், ஒவ்வொரு மழைக்காலத்து ஈரமும் இரண்டு பக்கமிருந்தும் உள்ளே வரும். ரிங்கு போரோடு துருவால் ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு மருந்து பொறுமை. ஆயில் கலவையைத் தினமும் கொஞ்சம் ஊற்றுங்கள், நான்கைந்து நாள் விடுங்கள், சக்கரத்தை ஆட்டிக்கொண்டே இருங்கள். பெரியப்பா வண்டி ஆறாவது நாள் சாயங்காலம் ஒரு விரல்கடை அசைந்தது. பிளக் ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுச் சுத்தியலால் தட்டுவது மட்டும் கூடவே கூடாது. அலுமினிய பிஸ்டனின் தலை பொத்துவிடும். ஒரு வாரமாகியும் அசையாவிட்டால் ஹெட்டையும் பேரலையும் (சிலிண்டர்) தூக்க வேண்டியதுதான். பேரலைத் தூக்கும்போது கிராங்க் கேஸ் (பேரலுக்குக் கீழே கிராங்க் சுழலும் கூடு) வாயில் துணி அடைத்துக்கொள்ளுங்கள். சர்க்ளிப் (பிஸ்டனைப் பிணைக்கும் தண்டு நழுவாமல் தடுக்கும் சிறு கம்பி வளையம்) உள்ளே விழுந்தால் மொத்த இஞ்சினையும் பிளக்க வேண்டிவரும். திரும்ப மாட்டும்போது ரிங்கின் இரண்டு முனைகளும் பிஸ்டன் காடியில் இருக்கும் சிறு பின்னுக்கு இருபுறமும் உட்கார வேண்டும். அது தவறினால் ரிங்கு முறியும், பேரலும் போகும். பழைய சர்க்ளிப்பை மறுபடி போடாதீர்கள்.

ரீ-போர் தேவைப்பட்டால் புது பிஸ்டனை முதலில் வாங்கிக்கொண்டு, பேரலோடு சேர்த்து லேத் பட்டறையில் கொடுங்கள். 0.25 மிமீ படிகளில் ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கும். எழுதியிருக்கும் அளவை நம்பி போரை அறுக்கக் கூடாது, கையில் இருக்கும் பிஸ்டனை அளந்துதான் அறுக்க வேண்டும். எனக்கு ஒரு பட்டறையில் பிஸ்டனைப் பார்க்காமலே போர் போட்டுக் கொடுத்தார்கள். மேலக்கால் தாண்டுவதற்குள் இஞ்சின் இறுகி சீஸ் ஆகிவிட்டது.

கிக்கர் லேசாக இறங்குகிறது, எதிர்ப்பே இல்லை

பிளக் ஓட்டையைக் கட்டை விரலால் அடைத்து மிதித்தால் விரலைத் தள்ள வேண்டும். தள்ளவில்லை என்றால் இரண்டு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். இப்போது தள்ளினால் ரிங்கு கரியில் ஒட்டிக் காடிக்குள் படுத்திருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகும். ஆயில் ஊற்றியும் மாற்றமில்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டை (ஹெட்டுக்கும் பேரலுக்கும் இடையில் உள்ள தகடு) பாருங்கள்.

பிளக்கில் பொறி இல்லை

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஜாவா, எஸ்டி பேட்டரி இக்னிஷன் வண்டி. ஆர்எக்ஸ் 100 பேட்டரி செத்திருந்தாலும் கிளம்பிவிடும், இது கிளம்பாது. நல்ல 6 வோல்ட் பேட்டரி இல்லாமல் காயிலையும் கண்டன்சரையும் (பாயிண்டில் பொறி பறக்காமல் தடுக்கும் சிறு உருளை) சந்தேகப்படுவதில் அர்த்தமில்லை. சாவியைப் போட்டதும் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிய வேண்டும். மங்கினால் பேட்டரி அல்லது எர்த். எர்த் ஒயரின் முனையையும் அது உட்காரும் சட்டத்தையும் உப்புத்தாளால் தேயுங்கள். தொழுவத்து ஓரம் நின்ற வண்டியில் செம்பு எல்லாம் பச்சை பூத்திருக்கும்.

அடுத்தது பாயிண்ட். வலப்பக்க மூடியைக் கழற்றினால் டைனமோவும் பாயிண்டும் தெரியும். பார்வைக்குப் பாயிண்ட் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் வருடக்கணக்கில் நின்றதில் அதன் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத படலம் படிந்திருக்கும். 6 வோல்ட்டுக்கு அந்தப் படலமே சுவர். மெல்லிய உப்புத்தாளை இடையில் வைத்து இரண்டு முறை இழுங்கள். பிறகு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை ஒரு துண்டு கிழித்து, பெட்ரோலில் நனைத்து, இடையில் வைத்து இழுங்கள். அட்டையில் கருப்பு வராத வரைக்கும் இழுக்க வேண்டும். அப்புறம் பாயிண்ட் முழுதாகத் திறந்த இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து 0.4 மிமீ இடைவெளி வையுங்கள். நான் பார்த்த வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேலையிலேயே பொறி வந்துவிட்டது.

பொறியின் நிறத்தையும் பாருங்கள். பிளக்கை ஹெட்டில் சாய்த்து மிதிக்கும்போது நீலமாக, சடக் என்று சத்தத்தோடு வந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தால், அதே நேரம் பாயிண்டில் பெரிதாகப் பொறி பறந்தால், கண்டன்சர் போய்விட்டது. பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் தெறிக்கும், அதனால் பிளக்கை ஓட்டைக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டாம். சோதனை முடிந்ததும் சாவியை அணைத்துவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி போட்டபடி இருந்தால் காயில் சூடாகி எரிந்துபோகும்.

12 வோல்ட் மின்னணு இக்னிஷனுக்கு உடனே மாற்றச் சொல்பவர்கள் உண்டு. தினமும் ஓட்டுவதற்கு அது வசதிதான். ஆனால் நின்ற வண்டியை எழுப்பும்போது அதைச் செய்யாதீர்கள். ஏற்கெனவே இருந்தது ஏன் நின்றது என்று தெரியும் முன் புதிதாக ஒன்றைப் போட்டால், கோளாறு பழையதா புதியதா என்று கண்டுபிடிக்க முடியாது.

வண்டி ஓட ஆரம்பித்த பிறகும் சிவப்பு விளக்கு அணையவில்லை என்றால் டைனமோ சார்ஜ் கொடுக்கவில்லை. கார்பன் பிரஷ் தன் கூட்டுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியே எடுத்துத் துடைத்துவிட்டாலே பல நேரம் போதும்.

பொறி இருக்கிறது, பிளக் காய்ந்து கிடக்கிறது

பத்து மிதி மிதித்தும் பிளக்கில் பெட்ரோல் ஈரமே இல்லை என்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை. டேங்கிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள்.

பழைய பெட்ரோலைத் திறந்தவெளியில் வடித்துவிடுங்கள். பெயின்ட் வார்னிஷ் வாடை அடிக்கும். அதைப் புதுப் பெட்ரோலோடு கலக்க வேண்டாம். துருவுக்கு நான் பயன்படுத்துவது மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்). ஒரு லிட்டர் சுடுதண்ணீருக்கு 100 கிராம் வீதம் கலந்து டேங்க் நிறைய ஊற்றி, பெட்ரோல் டேப் ஓட்டையை அடைத்து, ராத்திரி முழுக்க விடுங்கள். துரு ஏற்கெனவே கட்டியாக இருந்தால் அதற்கு முன் ஒரு கைப்பிடி சிறு ஜல்லியைப் போட்டுக் குலுக்கி எடுங்கள். மறுநாள் கழுவிய உடனே சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை அலசி, சித்திரை வெயில் போல நல்ல வெயிலில் காயவைத்து, காய்ந்த கையோடு பெட்ரோலில் 2டி ஆயிலைத் தாராளமாகக் கலந்து உள்ளே சுழற்றுங்கள். கழுவிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்தால் மறுபடி செம்மண் நிறத்தில் துரு பூத்திருக்கும். டேங்கில் பொத்தல் இருந்து வெல்டிங் வைக்க வேண்டுமானால், உள்ளே பெட்ரோல் ஆவி இல்லாதபடி நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பி வைத்துத்தான் நெருப்பைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். காலி டேங்க் வெடிக்கும். இதில் விளையாட்டே கூடாது.

டேப்பைத் திறந்து ட்யூபைக் கழற்றினால் பெட்ரோல் விரல் கனத்துக்கு ஓட வேண்டும், சொட்டக் கூடாது. ட்யூபை எப்படியும் மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறிக் குழைந்துவிடும்.

கார்ப்பரேட்டரில் அடைபடுவது முதலில் பைலட் ஜெட்தான் (பெட்ரோல் விடும் சிறு துளை கொண்ட பித்தளைத் திருகு). அதன் ஓட்டை ஊசி முனையைவிடச் சின்னது. காய்ந்த பெட்ரோல் அதில் தேன் நிறப் பிசினாக உறைந்திருக்கும். கார்ப்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, பஞ்சர் கடைக்காரரிடம் காற்றடிக்கச் சொல்லுங்கள். குத்தித்தான் ஆக வேண்டும் என்றால் மின்சார ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவிக் குத்துங்கள். இரும்புக் கம்பி பித்தளையைக் கீறிவிடும், அளவு போய்விடும். ஜெட்டை வானத்தை நோக்கிப் பிடித்தால் வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும்.

பிளக் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது

பழைய ஜிகாவ் கார்ப்பரேட்டரில் மிதவைக் கிண்ணத்தின் மேல் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் பெட்ரோல் கசியவிட்டுத்தான் குளிரில் கிளப்புவார்கள். ஆசையில் கூடுதலாக அழுத்தினால் கிராங்க் கேஸ் நிறைந்துவிடும். டேப்பை மூடி, சாவியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுதும் திறந்து பதினைந்து மிதி மிதியுங்கள். காய்ந்த பிளக்கைப் போட்டு முயலுங்கள். பொத்தானைத் தொடாமலே நனைந்தால் மிதவை பொத்துவிட்டது, அல்லது நீடில் வால்வு (கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் ஊசி) சரியாக உட்காரவில்லை. மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் இருந்தால் சலசலக்கும்.

கிளம்பியதும் சத்தம் தானாக ஏறுகிறது, இறங்க மாட்டேன் என்கிறது

எல்லா அறிகுறிகளிலும் என்னைப் பயமுறுத்துவது இதுதான். கிளம்பிய சந்தோஷத்தில் இதைக் கவனிக்காமல் விட்டால் இஞ்சின் போய்விடும். இங்கே இரண்டு காரணங்கள் உண்டு. ஆக்சிலேட்டர் கேபிள் துருவில் சிக்கியிருக்கலாம், அது எளிது. இல்லையென்றால் எங்கோ காற்று புகுகிறது. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் ஆயிலும் கிராங்க் கேஸ் வழியாகத்தான் போகின்றன. அங்கே வெளிக்காற்று புகுந்தால் பெட்ரோல் குறையும், அதோடு ஆயிலும் குறையும். பிஸ்டன் சூடேறிப் போரோடு கவ்விக்கொள்ளும்.

உடனே சாவியை அணையுங்கள். ஆறிய பிறகு மறுபடி கிளப்பி, சத்தம் ஏறாத அளவில் வைத்துக்கொண்டு, கார்ப்பரேட்டர் பேரலோடு சேரும் இடத்திலும் பேரலின் அடி கேஸ்கெட்டிலும் பிரஷ்ஷால் இஞ்சின் ஆயிலைத் தடவுங்கள். சத்தம் மாறும் இடம்தான் ஓட்டை. இரண்டும் நன்றாக இருந்தால் வலப்பக்கம் டைனமோவுக்குப் பின்னால் இருக்கும் கிராங்க் ஆயில் சீல் (ஆயிலும் காற்றும் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்). நின்ற வண்டியில் அது கல்லாக இறுகியிருக்கும். அதன் உதட்டை நகத்தால் அழுத்தினால் வளையாது. மாற்றும் வரை வண்டியைத் தெருவில் எடுக்க வேண்டாம்.

புகை நிற்கவே இல்லை

முதல் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவே மறையும் அளவுக்குப் புகை வரும். அது நீங்கள் ஊற்றிய ஆயிலும் சைலன்சரில் தேங்கிய பழைய ஆயிலும்தான். அக்கம்பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கிளப்புங்கள். அரை மணி நேரம் கழித்தும் வெண்புகை அப்படியே இருந்து, கியர் ஆயில் மட்டம் குறைந்துகொண்டே வந்தால் இடப்பக்க சீல், அதாவது கிளட்ச் பக்கத்துச் சீல் போய்விட்டது. கியர் ஆயிலை இஞ்சின் உறிஞ்சி எரிக்கிறது. அந்தச் சீலை மாற்றும்போது வலப்பக்கச் சீலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே வயது.

ஆயில் அளவு பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் என்பதே நான் பின்பற்றுவது. புது பிஸ்டன் போட்ட வண்டிக்கு முதல் 500 கிலோமீட்டர் வரை 50 மில்லி. ஒரு காலத்தில் பங்கிலேயே ஆயில் கலந்த பெட்ரோல் கிடைத்தது. இப்போது நாமேதான் கலக்க வேண்டும். தனி கேனில் கலந்து குலுக்கிவிட்டு டேங்கில் ஊற்றுங்கள். கார் ஆயிலைக் கலக்காதீர்கள், அது எரிந்து சாம்பலாகப் பிளக்கில் உட்காரும்.

இரண்டு கிலோமீட்டரில் நிற்கிறது, ஆறினால் கிளம்புகிறது

நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திறங்கள். புஸ் என்று காற்று இழுத்தால், மூடியின் சிறு துளையைக் குளவி மண்ணால் அடைத்திருக்கிறது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் இறங்கவில்லை. சத்தம் வரவில்லை என்றால் அங்கேயே பிளக்கைக் கழற்றிப் பொறி பாருங்கள். சூட்டில் மட்டும் பொறி மறைந்தால் கண்டன்சர் அல்லது காயில். வீட்டுக்கு வந்து ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். அதனால் பிளக் ஸ்பேனர் பாக்கெட்டில் இருக்க வேண்டும்.

சத்தம் இருக்கிறது, இழுவை இல்லை

சைலன்சர் அடைப்பு. பின் முனையின் நட்டைக் கழற்றினால் உள்குழாய் உருவி வரும். அதில் கரி தார்போல அப்பியிருக்கும். ஊரில் விறகடுப்பு இருந்தால் அதில் போட்டு எரித்துத் தட்டி எடுத்துவிடலாம். குழாய்க்குள் டார்ச் அடித்துக் குளவிக்கூட்டையும் பாருங்கள். பெரியப்பா வண்டியில் இரண்டு சைலன்சரிலும் சேர்த்து ஒரு உள்ளங்கை நிறைய மண் வந்தது.

கியர் போட்டதும் பாய்கிறது

கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. கிளட்ச் லிவரை ஹேண்டில்பாரோடு சேர்த்துக் கட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் இஞ்சினை அணைத்த நிலையில் டாப் கியரில் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பிரிந்துவிடும். பிரியவில்லை என்றால் கழற்றித் துடைத்து, கியர் ஆயிலை மாற்றுங்கள்.

பிரேக், டயர், கேபிள் இவற்றில் யோசிக்க ஒன்றுமில்லை. மாற்றுங்கள். டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தால் அது ஓட்ட லாயக்கில்லை. டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

முதல் ஓட்டம்

நான் கோச்சடை, மேலக்கால் சாலையில் விடியற்காலை போனேன். ஐந்து கிலோமீட்டர் போய், இஞ்சின் இழுத்துக்கொண்டிருக்கும்போதே சாவியை அணைத்துக் கிளட்சைப் பிடித்து ஓரங்கட்டி, பிளக்கைப் பாருங்கள். நல்ல டிகாக்‌ஷன் காப்பி நிறம் என்றால் கலவை சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை அல்லது காற்று புகுகிறது, திரும்பிவிடுங்கள். கரியாக இருந்தால் அவசரமில்லை, அப்புறம் சரிசெய்யலாம். ஓடும்போது சத்தம் திடீரென்று கனத்து, வண்டியை யாரோ பின்னால் இழுப்பது போலத் தெரிந்தால் அந்த நொடியே கிளட்சைப் பிடியுங்கள். பிஸ்டன் கவ்வப் போகிறது.

மறுபடி நிறுத்தி வைப்பதானால் டேப்பை மூடிவிட்டு, கார்ப்பரேட்டரில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து இஞ்சின் தானாக அடங்கும் வரை ஓடவிடுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். கிக்கரை மெதுவாக அழுத்தி, எதிர்ப்பு வரும் இடத்தில் விட்டுவிடுங்கள். அங்கே எக்ஸாஸ்ட் வாய் மூடியிருக்கும். இரண்டு சைலன்சர் வாயிலும் துணி அடைத்து, நுனியை வெளியே தொங்கவிடுங்கள். அடுத்த முறை கிளப்பும்போது முதலில் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக நான் சிவப்புத் துணிதான் அடைக்கிறேன்.